விட்டுப்போன பெயர்

கொள்கை ஆய்வு மையத்தின் புதிய இணையதளத்தைச் சிறப்பு விருந்தினர் திறந்துவைக்க இன்னும் பத்து நிமிடம். அங்கே வேலை பார்க்கும் ஜெகதீஸ்வரி அதைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தாள். பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலைத் தொழிலாளர்களைப் பற்றி அவள் இரண்டு வருடம் அலைந்து எழுதிய ஆய்வில், இயக்குநர் இத்ரீஸின் பெயர் மட்டும் இருந்தது.

"என் பேரு எங்க சார்?"

"பேக்டரியில ஸ்க்ரூ முடுக்கினவ பேரைப் போட்டா எவன் மதிப்பான்? வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலன்னா கிளம்பு லா."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மாடியில் கைதட்டல் கேட்டது. சட்டென்று நின்றது. அவள் கைப்பேசி அதிர்ந்தது.

இத்ரீஸ் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அக்கா, தளத்தைத் திறக்க ரகசிய எண் கேக்குது. உங்க போனுக்குத்தான் வருதாம்."

"தளத்தைப் பதியறப்போ உன் நம்பரையே குடுத்துத் தொலைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"எண்ணைச் சொல்லுங்கக்கா, விருந்தாளி காத்திருக்காரு."

"சொல்ல மாட்டேன். வந்து போடுறேன்."

மேலே போய்க் கணினி முன் உட்கார்ந்து எண்ணை அடித்தாள். ஆனால் உடனே எழவில்லை. பெரிய திரையில், அத்தனை பேர் முன்னால், ஆய்வின் மேலிருந்த இத்ரீஸின் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தாள்.

பிறகு விருந்தினரிடம் சொன்னாள்.

"இப்ப திறப்பு பட்டனை அமுக்குங்க சார்."