சாருடைய ரத்தம்

டாக்டர் பாலசுப்பிரமணியன் இன்று எழுந்து நிற்கவில்லை.

பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் சத்தியநேசன் சார். ரிட்டையர் ஆகி எட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் சமாதானபுரம் கிளினிக்குக்குள் அவர் நுழைந்தால், பத்தாம் வகுப்பில் அவரிடம் பிரம்படி வாங்கிய டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

அந்த மரியாதைக்காகவே சார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மார்க் ஷீட் மாதிரி நீட்டுவார். சர்க்கரை உள்ள மனிதர் ஆறு வருஷமாக இப்படி ரிப்போர்ட் வாங்குகிறாரே என்று டாக்டர் மற்ற நோயாளிகளிடம் காட்டுவார். அன்று முழுக்கச் சாருக்குக் கால் தரையில் பாவாது.

இன்று டாக்டர் ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க சார். சுகர் முந்நூத்தி நாப்பது. கொழுப்பு அறுநூத்துச் சொச்சம். ரத்தத்துக்கு மேல பால் கணக்கா வெள்ளையா நிக்குதுன்னு லேப்ல இருந்து போனே பண்ணிட்டாங்க."

மாணவன் முன்னால் வாத்தியார் ஃபெயில். இதைவிடக் கேவலம் சாருக்கு உலகத்தில் கிடையாது. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் அவர் மனைவி பாக்கியவதி சேலைத் தலைப்பை இடது கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். துணைக்கு வருவது மட்டும்தான் அவள் வேலை. இந்த அறையில் அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

"இவ்வளவு ஏறிக் கெடந்தா கண்ணத்தான் அடிக்கும் சார். கண்ணு முன்னால கறுப்பா நூல் மாதிரி மிதக்குதா? வாசிக்கும்போது எழுத்து நடுவுல அழிஞ்ச மாதிரி தெரியுதா?"

எதிர்ச் சுவரில் மருந்துக் கம்பெனி காலண்டர் தொங்கியது. அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சக முகவரியைச் சார் கண்ணாடி போடாமலே கடகடவென்று வாசித்தார். பின்கோடு உட்பட.

டாக்டருக்கே குழப்பமாகிவிட்டது. ரிப்போர்ட்டை மறுபடியும் மேலிருந்து பார்த்தார்.

அப்போதுதான் பாக்கியவதி வாயைத் திறந்தாள். நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டிருந்தாள்.

"பாக்காம விட்டா என்ன செய்யும் தம்பி?"

சார் திரும்பி முறைத்தார்.

"உள்ளுக்குள்ள கொழுப்பு கசிஞ்சு படிஞ்சிரும்மா. அப்புறம் ரத்தக் குழாய் உடைஞ்சு கொட்டிரும். போன பார்வை திரும்ப வராது. ஆனா இப்பமே போனா லேசரு, ஊசின்னு போட்டுக் காப்பாத்திரலாம்." டாக்டர் சாரைப் பார்த்துச் சிரித்தார். "குடுத்து வச்சவங்க சார் நீங்க. அம்மா எப்படிப் பதறுதாங்க பாருங்க."

காப்பாற்றிவிடலாம் என்ற சொல்லைக் கேட்டதும் பாக்கியவதிக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டர் கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். இன்றைக்கே போக வேண்டும் என்று எழுதி, அதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டார். முப்பத்தைந்து வருஷம் ஊருக்கெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்ட சாரால் அதைப் பார்க்க முடியவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

வாசல்படியைக் காலால் துழாவித் துழாவி இறங்கினாள் பாக்கியவதி. ஆறேழு மாதமாக அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டுப் புத்தகத்தை விரித்தால் எழுத்து நடுவில் அழிந்து தெரிகிறது. மனப்பாடமாகத் தெரிந்ததைப் பாடிச் சமாளிக்கிறாள். போன வாரம் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டு ஏச்சு வாங்கினாள்.

தெருவுக்கு வந்ததும் சார் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"என்னத்தட்டி தின்னு தொலைச்ச? எம் மானத்தயே வாங்கிட்டியே!"

சேலைத் தலைப்பு விலகியதில் அவள் இடது முழங்கை மடிப்பு தெரிந்தது. நேற்றுக் காலை லேப்காரர் ஒட்டிய பஞ்சு அதில் இன்னும் இருந்தது.

ஆறு வருஷமாகச் சாருடைய பெயரில் கையை நீட்டியவன் மகன் ரிச்சர்ட். சாருடைய சொந்த ரத்தத்துக்கு வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, பாஸ் மார்க்குகூட இல்லையே சார் என்று டாக்டர் ஒருதடவை விளையாட்டாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து இந்த ஏற்பாடு. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிற லேப்காரரும் பழைய மாணவர்தான். குழாயில் சார் தன் பெயரை எழுதினால் எதிர்க்கேள்வி கிடையாது. ஜூலையில் ரிச்சர்ட் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். வீட்டில் மிச்சம் இருந்தது பாக்கியவதியின் கை.

கடைசி மகள் பெர்லின் பிறந்த பிறகு அவள் ரத்தத்தை யாரும் பரிசோதித்ததில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் நேற்றுத்தான் முதல் தடவை.

"என்னங்க, அந்தச் சீட்ட எங்கிட்ட தாங்களேன். நான் போய்க் காட்டிட்டு வந்திருதேன்."

"அதுல எம் பேருல்லா போட்டிருக்கு."

"எம் பேர்ல வேற சீட்டு போட்டுக்கிடுதேன்."

"அங்கன வேலை பாக்கதும் நான் படிக்கவச்ச பிள்ளைங்கதாம்ட்டி. ஒனக்குச் சுகர் இருக்குன்னு தெரிஞ்சா நாளைக்கே டாக்டர் பாலு காதுக்குப் போயிரும். பேசாம வா."

சீட்டை நான்காகக் கிழித்துச் சாக்கடையில் போட்டார். கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்தி முதலில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் தெளிந்துவிட்டது.

பாக்கியவதி கீழே நின்று, ஏறுவதற்கு ஆட்டோவின் கம்பியைக் கையால் தேடிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த டெஸ்ட்டு டிசம்பர்லதான?" என்றார் சார். "கிறிஸ்மஸுக்குப் பெர்லின் வருவா. அவகிட்ட எடுத்துக்கிடுவோம்."