ஐந்தாவது முகம்

இடது இமையை இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னாள் லெத்தாய்.

"தூங்கும்போதுகூட அந்த இமை முழுசா மூடாது. ஒரு கீத்து தெறந்தே இருக்கும்."

என் மனைவி, தன் முதல் கணவனைப் பற்றி, என்னிடம் சொல்கிறாள். நான் தூரிகையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோயில் முற்றத்து ஆலிவ் மரத்தடியில் படத்துணியை இழுத்துக் கட்டியிருந்தேன். வெள்ளைக் குதிரைமேல் புனித கியோர்கிஸ். குதிரையின் காலடியில், எல்லைப் போரில் செத்த எங்கள் ஊர்க்காரர்கள் ஐந்து பேர், பட்டாள உடுப்பில். புனிதரின் திருநாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. அதற்குள் காயவைத்துக் கோயில் சுவரில் ஒட்டியாக வேண்டும்.

நாலு முகம் முடிந்துவிட்டது. ஐந்தாவது ஹதிஷ், லெத்தாயின் முதல் கணவன்.

போர்க்காலத்தில் செத்த பிள்ளைகளை வரைந்துதான் நான் சாப்பிட்டேன். அடையாள அட்டையிலிருந்து நகத்தளவு படத்தைப் பிய்த்துக்கொண்டு வருவார்கள். பலகையில் பெரிதாக்கிக் கொடுப்பேன். ஹதிஷுக்கு அந்த நகத்தளவும் இல்லை. குண்டு விழுந்து வீடு எரிந்தபோது எல்லாம் போய்விட்டது. உடலும் வரவில்லை.

"அவன் மூஞ்சி எனக்குத் தெரியாதே, அபா" என்று பாதிரியார் வெல்துவிடம் கையை விரித்தேன். போர் முடிந்த பிறகுதான் இந்த ஊருக்குக் குடிவந்தேன் என்பதால் அவர் நம்பிவிட்டார்.

அது பொய். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று யாரிடமும் சொன்னதில்லை. அந்த இடம் காலியாகவே கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

ஊர்க்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு மூக்கு சொன்னார்கள். கடைசியில் நேற்று லெத்தாய், "நான் சொல்றேன்" என்று வந்து கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

வலது காது வெளியே தள்ளியிருக்கும் என்றாள். யோசிக்கும்போது புருவத்துக்கு நடுவில் ஒரே ஒரு கோடு விழும் என்றாள். கீழுதடு இடப்பக்கம் இழுத்திருக்குமாம்.

ஒன்பது வருடமாக ஒரே தட்டில் என்னோடு சாப்பிடுகிறவள். என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதுகூடப் பரவாயில்லை. அவள் சொன்ன எதுவும் ஹதிஷிடம் கிடையாது. அவன் காது தலையோடு ஒட்டியிருக்கும். உதடு நேராக இருக்கும்.

அப்படியானால் இவன் யார்? இவன் தூங்குவதை இவள் எப்போது பார்த்தாள்?

செத்தவன்மேல் இருந்த பொறாமையாவது பழகிப்போனது. இது புதிது. நேற்று மாலை வேலை மெனக்கெட்டு மாவு மில்லுக்குப் போய், மில்காரனின் காதைப் பார்த்துவிட்டு வந்தேன். அவனுக்கு இரண்டு காதுமே ஒட்டித்தான் இருந்தன.

எங்கள் கோயில் படங்களில் நல்லவர்களுக்கு இரண்டு கண். பேய்க்கும் பகைவனுக்கும் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஒற்றைக் கண்தான் வைப்போம். இந்தக் களவாணிக்கும் ஒற்றைக் கண் வைத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. லெத்தாய் உட்கார்ந்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் வைத்தேன்.

இமையை இறக்கி முடித்தபோது அப்ரெஹெத் வந்தாள். ஹதிஷின் அக்கா. திருநாளுக்காக பஸ்ஸில் வந்திறங்கியவள், பையைக்கூட வைக்காமல் நேரே இங்கே வந்திருந்தாள்.

நாலு முகங்களுக்கும் சிலுவை போட்டுக்கொண்டாள். ஐந்தாவதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி துணியைப் பார்த்தாள்.

"என்னய்யா இது, ஒன்னையே வரைஞ்சு வச்சிருக்க? என் தம்பி பொண்டாட்டி பத்தலன்னு அவன் நிக்கிற எடத்தையும் புடிச்சுக்கிட்டியா?"

ஊரில் பாதிப் பேரை வரைந்தவன் நான், என்னை ஒருநாளும் வரைந்ததில்லை. வலது காதைத் தொட்டுப் பார்த்தேன். தள்ளிக்கொண்டுதான் இருந்தது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

லெத்தாயைத் திரும்பிப் பார்த்த பிறகு அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அவள் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பொய் சொல்லவில்லை. நினைவில் அவனைத்தான் தேடியிருக்கிறாள். கையில் அகப்பட்டவன் நான். புருஷன் முகத்தை மறந்தவள் என்று நாத்தனார் முன்னால் நிற்கப்போகிறாள்.

"அவ சரியாத்தான் சொன்னா, அக்கா. நான்தான் பொறாமையில மாத்திப் போட்டுட்டேன்" என்றேன்.

ஈரச் சாயத்தைத் துடைத்தேன். என் முகம் கந்தலோடு போயிற்று.

யாரையும் எதுவும் கேட்காமல் வரைந்தேன். அகன்ற நெற்றி. ஒட்டிய காது. மோவாயில் சின்ன வெட்டு. சிரிக்காதபோதும் சிரிக்கிற கண்கள், இரண்டும். கை தடுமாறவே இல்லை.

அப்ரெஹெத் அப்படியே தரையில் உட்கார்ந்து, "வந்துட்டியாடா ஹதிஷ்" என்று ஓலமிட்டாள்.

லெத்தாய் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அக்காவுக்குக் கேட்காதபடி, "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

நான் தூரிகையைக் கழுவினேன்.

போருக்கு முன்னால் பக்கத்து ஊர்க் கோயிலில் எனக்கு வேலை. சனிக்கிழமைச் சந்தையில் அவள் தேன் விற்பாள். மூன்று மாதம் வாங்கினேன், பேச வாய் வரவில்லை. நான்காம் மாதம் அவளுக்குக் கல்யாணம் என்றார்கள். நடந்தே இந்த ஊருக்கு வந்து கல்யாணக் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்தார்கள். அவள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. என்னிடம் இல்லாதது மாப்பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்று, பொழுது சாயும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.