இரட்டைத் தட்டல்

அம்மா டேப்லெட் திரையில் ஒரே பொத்தானை இரண்டிரண்டு தடவை தட்டுகிறாள். இதுவரை அப்படி எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டு நாளைக் காலை வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அதிகமாக இருந்தால் கை நடுக்கம்தான், மாத்திரையைக் கூட்டிவிடலாம் என்றார்.

கூட்டினால் நடுக்கம் நிற்கும். அம்மா பகலெல்லாம் தூங்கியும் போவாள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வைத்தியமாக மகனுக்குப் பட்டது. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

அவனுக்குப் புரோகிராம் எழுதுவது தொழில். வரிசையில் திரும்பத் திரும்ப வருவதை எண்ணுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. ஞாயிறு மதியம் சாப்பிட்ட கை காயுமுன் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தான்.

பக்கவாதம் வந்து அம்மாவுக்குப் பேச்சும் எழுத்தும் போய், இடது கை மட்டும் மிஞ்சியபோது, அந்த டேப்லெட்டைத் தயார் செய்து கொடுத்தவன் அவன்தான். பன்னிரண்டு பொத்தான், பன்னிரண்டு படம். தண்ணீருக்கு டம்ளர், பசிக்குக் கிண்ணம், காற்றுக்கு ஃபேன். தட்டினால் டேப்லெட் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும்.

மகனுக்கு ஓர் ஆண் பொம்மை. அதைத் தட்டினால் அவனுடைய போனும் சேர்ந்து அதிரும். மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடிவருவான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், பெற்றால் இப்படியொரு பிள்ளையைப் பெற வேண்டும் என்றார்கள். அவனும் இல்லையென்று மறுக்கவில்லை.

அப்புறம்தான் இந்த இரட்டைத் தட்டல் ஆரம்பித்தது. போன் இரண்டு தடவை அதிரும். பதறிப்போய் இறங்கி வந்தால் ஒன்றும் இருக்காது.

கை நடுங்குகிறது என்று அவனே தீர்மானித்து மூன்று வரி எழுதிச் சேர்த்தான். அதே பொத்தான் மூன்று நொடிக்குள் மறுபடி வந்தால் இரண்டாவதை ஒதுக்கிவிடு. அதோடு சரி. இரண்டாவது தட்டலுக்கு டேப்லெட் வாய் திறப்பதில்லை.

ஆபீசில் அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிக்கவென்றே அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, தன்னுடைய மூன்று வரியை அவன் ஒரு தரம்கூடத் திருப்பிப் படிக்கவில்லை.

அம்மா அதற்கப்புறம்தான் மோசமானாள். விரல் நுனி வெளுக்கிற மாதிரி அழுத்தித் தட்டினாள். அவன் வந்து நின்றால், அவனைத் தாண்டி வாசலைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மனைவி நேற்று கேட்டேவிட்டாள். "உங்களத்தானே கூப்பிடறாங்க? நீங்க போய் நின்னா ஏன் மூஞ்சியத் திருப்பிக்கறாங்க?"

அந்தக் கேள்வி அவனைச் சுட்டது. அம்மாவுக்குப் புத்தி குழம்பிவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான்.

ஒதுக்கிய தட்டல்கள் சேமிப்பில் பத்திரமாகத்தான் கிடந்தன. இரண்டு மாதத் தட்டல்களையும் ஒரே வரிசையாகக் கொட்டினான். நாலாயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தினதோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் மூன்று நொடிக்குள் ஒன்றுபோல வந்திருந்தால் அந்தப் பொத்தானின் பேரில் ஒன்று கூட்ட வேண்டும். கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகள் எழுதுகிற புரோகிராம். ஓட்டினான்.

தண்ணீர், பூஜ்யம். பசி, பூஜ்யம். காற்று, பூஜ்யம்.

எங்கோ கோட்டை விட்டிருக்கிறோம் என்று எழுதியதை மறுபடி படித்தான். தப்பு எதுவும் இல்லை.

பதினொரு பொத்தானுக்கும் பூஜ்யம். மகன், அறுபத்து மூன்று.

நடுங்குகிற கைக்குத் தண்ணீர் எது, மகன் எது என்று தெரியாது. நடுங்கினால் எல்லாவற்றிலும் நடுங்கியிருக்க வேண்டும். அறுபத்து மூன்றின் நேரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரு தட்டல், சரியாக ஒரு நொடி, இன்னொரு தட்டல். எண்ணித் தட்டியிருக்கிறாள்.

லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

அம்மாவின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, டேப்லெட்டை அவள் மடியில் வைத்தான். வாய்விட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. பொம்மையைக் காட்டி இரண்டு விரலை நீட்டினான்.

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பொம்மையை ஒரு தடவை தட்டி, விரலை அவன் நெஞ்சில் வைத்தாள்.

அடுத்து இரண்டு தடவை தட்டினாள். விரல் அவனைத் தாண்டி வாசலைக் காட்டியது.

மூத்தவனுக்கு ஒன்று. இளையவனுக்கு இரண்டு.

ஆறு வருடத்துக்கு முன்னால் அதே வாசலில் தம்பியின் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்து, இனிமேல் அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான் பிள்ளை என்று கத்தியவன் அவன். சொன்ன சொல் தவறாமல், பன்னிரண்டு பொத்தானில் மகனுக்கு ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தான். அம்மா விழுந்த வாரம் தம்பி போன் செய்தபோது, அவள் யாரையும் கேட்கவில்லை, வர வேண்டாம் என்று சொல்லி வைத்தவனும் அவன்தான்.

போனை எடுத்தான். தம்பியின் எண்ணை அதிலிருந்து என்றோ நீக்கியிருந்தான். விரலுக்கு மறக்கவில்லை.

முதல் மணியிலேயே தம்பி எடுத்துவிட்டான்.

"அம்மா உன்னக் கேக்கலன்னு சொன்னேன்ல. அறுபத்து மூணு தடவ கேட்டிருக்காங்கடா. நான்தான் ஒதுக்கிட்டே இருந்தேன்."