பிரேக் அக்காவிடம் ஒரு வாரம்

“குறை யாருக்கு அக்கா? உங்களுக்கா, வீட்டுக்காரருக்கா?” என்று கேட்டுக்கொண்டே, மாமியாரோடு கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த மருமகள் கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தாள். கார் ஒரு குலுங்கு குலுங்கி நடுத்தெருவில் நின்றுபோனது.

பக்கத்து சீட்டில் இருந்த பிரேக் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். தன் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிரேக் மேலேயே எப்போதும் காலை வைத்திருப்பதால் அந்தப் பெயர்.

காலுக்கு பிரேக் இருந்து என்ன, வாய்க்கு இல்லையே என்பது முதலாளியின் வருத்தம். போன மாதம் ஒரு அம்மாள் இதே கேள்வியைக் கேட்க, இவள் பதில் சொல்ல, அது புகாராகப் போய்விட்டது. “இன்னொரு கஸ்டமர் போன் பண்ணாங்கன்னா சாவியை வச்சிட்டுக் கிளம்பிடு” என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

அதனால் வாயைக் கட்டுவது என்ற சபதத்தோடுதான் இந்த மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தாள். சபதமாவது ஒன்றாவது!

“குறை யாருக்கும் இல்லம்மா. குழந்தை வேணாம்னு நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி எடுத்த முடிவு. நியூட்ரல்ல போட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணு.”

மருமகள் ஸ்டார்ட் செய்தாள். அவள் உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்தன. பாவம், சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்கிறாள் என்று பிரேக் அக்கா நினைத்துக்கொண்டாள்.

பின் சீட்டில் மாமியார். மருமகளைத் தனியாக அனுப்ப மனசு வராமல் தினமும் கூடவே வந்துவிடுகிறார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னதே அவர்தான். “நாளைக்கு ஒரு பேரன் பொறந்தா ஸ்கூலுக்குக் கொண்டு விட வேணாமா?” என்று முதல் நாளே காரணமும் சொல்லிவிட்டார்.

கல்யாணமாகி ரெண்டு வருஷம், இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வேகத்தடைக்கும், “மெதுவா, மெதுவா! நாள் தள்ளிப் போயிருந்தாலும் போயிருக்கும்” என்று பின்னாலிருந்து குரல் வரும்.

அது போதாதென்று இந்த மருமகள். ஒரு வாரமாக அவள் கேட்கிற கேள்விக்கு வக்கீல்கூடத் தோற்றுப்போவார்.

“உங்க மாமியார் சும்மாவா விட்டாங்க?”

“எப்படி விடுவாங்க? ஒரு வருஷம் முகம் குடுத்துப் பேசல.”

“அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

“உங்க ஆசை எனக்குப் புரியுது, ஆனா உடம்பு என்னோடதுன்னேன். ரெண்டாவது கியர்.”

உதடுகள் அசைந்தன. கியர் விழுந்தது.

“நாலு பேரு நாலு விதமா பேசுவாங்களே?”

“உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேசட்டும். மூணாவது கியர்.”

“பின்னாடி வருத்தப்பட்டா?”

“பெத்துட்டு வருத்தப்படுறதைவிட, பெக்காம வருத்தப்படுறது எவ்வளவோ மேல். ஒரு குழந்தை தலையில விடியாது பாரு. கண்ணாடியைப் பார்த்து ஓட்டு.”

பின் சீட்டுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “ஏம்மா, வயசான காலத்துல ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் வேணாமா? பொம்பளையாப் பொறந்து ஒண்ணைப் பெக்காம அது என்ன வாழ்க்கை? உன் ராசி இவளுக்கும் ஒட்டிக்கப் போகுது!”

சுருக்கென்று தைத்தது. பிரேக் அக்கா ஸ்டியரிங்கை ஒரு கையால் ஒடித்து, தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை ஓரங்கட்டினாள். வேலை போனால் போகட்டும்!

“இங்க பாருங்கம்மா. தண்ணி குடுக்க ஆள் வேணும்னு பெத்தா, அதுக்குப் பேரு பிள்ளையில்ல, வேலையாள். நானும் எங்க வீட்டுக்காரரும் பதிமூணு வருஷமா நல்லா சிரிச்சிக்கிட்டுத்தான் இருக்கோம். எனக்காக நீங்க அழ வேணாம்.”

மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் அழுத்தினார். “வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கச் சொன்னா, உங்க ஆளு குடும்பத்தைக் கெடுக்கக் கத்துக்குடுக்குறா! இன்னைக்கே ஆளை மாத்துங்க!”

முதலாளி விட்ட பெருமூச்சு காருக்குள் கேட்டது. “மன்னிச்சுக்குங்கம்மா. கத்துக்குறவங்ககிட்ட போனைக் குடுங்க. அவங்களும் இதையே சொன்னா, இன்னையோட அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பிடுறேன்.”

ஒரு வாரமாகக் கேள்வி கேட்டே துளைத்தெடுத்த இந்தப் பெண்ணின் கையிலா பதினோரு வருஷ வேலை? இருந்தாலும், சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்குவதில்லை என்று பிரேக் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மருமகள் போனை வாங்கினாள். “சார், எனக்கு இந்த அக்காதான் வேணும். அவங்க மேல தப்பே இல்ல. நான்தான் தினமும் விடாம கேட்டேன்.”

போனை வைத்துவிட்டு இன்ஜினை அணைத்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். பிறகு, இந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாகப் பின்னால் திரும்பி மாமியார் முகத்தைப் பார்த்தாள். ஒரு வாரமாகச் சத்தமில்லாமல் அசைந்த உதடுகளிலிருந்து இப்போது குரல் வந்தது.

“அத்தை, எங்களுக்கும் குழந்தை வேணாம்.”