ஹலீம் கேட்காத கேள்வி

"காலேஜ் முடிச்சு இத்தனை வருஷமா ஏன் சும்மா இருந்தீக?"

"சும்மாவா இருந்தேன்? சோறாக்குனது யாரு? உங்க உம்மாவைப் பாத்தது யாரு?"

"இன்டர்வியூல இப்படியா பதில் சொல்லுவ? சரி, அடுத்தது. புள்ளைக்குக் காய்ச்சல்னா லீவு போடுவீகளா?"

ரஹீமாவுக்குச் சுருக்கென்றது. மலேசியாவிலிருந்து லீவில் வந்த கணவன் அப்துல் ஹலீம், ஒரு வாரமாக இப்படித்தான் குடைகிறான்.

"நான் வேலைக்குப் போறது பிடிக்கலைன்னா நேராச் சொல்லிருங்க."

"பிடிக்காமயா உக்காந்து பயோடேட்டா அடிச்சேன்?"

அதுவும் உண்மைதான். ரத்த வகை, மதம், 'பொழுதுபோக்கு: டி.வி. பார்ப்பது' எல்லாவற்றையும் அதிலிருந்து அவன்தான் தூக்கினான். தெருப் பிள்ளைகளுக்கு அவள் அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்ததைச் சேர்த்தான். கோவிலூர் பக்கத்து அரிசி ஆலைக்கு அனுப்பியதும் அவனே.

இந்த மனுஷன் எந்தக் கட்சி என்றே அவளுக்கு விளங்கவில்லை.

இன்டர்வியூ அன்று பைக்கில் கொண்டுவந்து ஆலை வாசலில் இறக்கினான்.

"துணைக்கு உள்ள வாங்களேன்."

"நான் எதுக்கு? நீ போ புள்ள."

வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே விட்டான். ரஹீமாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

உள்ளே மேனேஜர் ஸ்ரீநிவாசன் பயோடேட்டாவைப் புரட்டினார்.

"கணக்கர் வேலைம்மா. படிச்சதுக்கப்புறம் பெரிய இடைவெளியா இருக்கே?"

"வேலைக்குப் போகலை சார், கணக்கை விடலை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தேன். கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுற டேலியும் கத்துக்கிட்டேன்."

"புள்ளைக்குக் காய்ச்சல்னா?"

"லீவு கேப்பேன் சார். விட்ட வேலையை மறுநாள் முடிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். டேலியில் ஒரு கணக்கைப் போடச் சொன்னார். போட்டாள். பிறகு பயோடேட்டாவை மூடி வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?"

"வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாரு சார். லீவுல வந்திருக்காரு. மலேசியா திரும்பணும்."

மேனேஜர் விழித்தார்.

"லீவா? அங்க கம்பெனியை மூடிட்டாங்கன்னுதானேம்மா இதே வேலைக்கு எங்கிட்ட வந்தாரு? அவரைத்தான் எடுக்கிறதா முடிவும் பண்ணியிருந்தோம்."

ரஹீமா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"அ... அப்புறம் ஏன் சார்..."

"'என் வீட்டுக்காரி என்னைவிடக் கெட்டிக்காரி. வீட்டுலயே கெடக்கா. அவளை ஒரு தடவை கூப்பிட்டு, கடுமையாவே கேளுங்க. தேறலைன்னா நான் வாரேன்'னு சொல்லிட்டுப் போனாரு."

மேனேஜர் வேலை உத்தரவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இனிமே அவரு வர வேண்டியதில்லைன்னு நீங்களே சொல்லிருங்கம்மா."