பத்தின் தலையில் ஒரு குட்டி எண்

ஜப்பானின் நாகானோ ஊர்க் குளிரில் ஆவி படிந்த ஆஸ்பத்திரி ஜன்னலில் மாலை வெயில் ஒட்டிக்கிடக்கிறது. சுமியேயின் கையில் கணவரின் இரண்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள்: ஒன்று ஊர் டாக்டர் கொடுத்தது, மற்றது இன்று இங்கே கொடுத்தது. தட்டணுக்கள் என்ற வரியில் அவள் விரல் நிற்கிறது. “போன மாசம் இருபத்தொண்ணு. இப்ப வெறும் ரெண்டு புள்ளி ஒண்ணுன்னு போட்டிருக்கே, என்னங்க இது!” கட்டிலில் தெத்சுரோ ஆரஞ்சுச் சுளையின் வெள்ளை நாரை நிதானமாக உரிக்கிறார். “பக்கத்துல பத்து இருக்குல்ல, அது தலையில குட்டியா என்ன ஒக்காந்திருக்கு பாரு.” அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றுகிறாள். “இதுல அஞ்சு. பழசுல நாலு.” “நாம எதையும் பத்தாயிரம் பத்தாயிரமாத்தானே எண்ணுவோம், அதான் நாலு. இங்க வெளிநாட்டுக்காரனுக்கும் புரியுற மாதிரி எழுதுறாங்களாம். சைபரைப் போட்டுத்தான் பாரேன்.” அவள் ஜன்னல் ஆவியில் விரலால் எழுதுகிறாள். இருபத்தொன்றுக்குப் பின்னால் நான்கு சைபர். அதன் கீழே, புள்ளியை ஐந்து இடம் தள்ளினால், மறுபடியும் அதே எண். சைபர்களின் கோடுகள் வழியே வெயில் உள்ளே வருகிறது. “இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?” அவர் சுளையை அவளிடம் நீட்டுகிறார். “காலையிலேர்ந்து நர்ஸை நாலு தடவை கேட்டுட்டேன்.”