இரண்டு ஹார்ன்கள்

வழியில் மழைத்தண்ணீர் புகுந்து காரின் ஹார்ன் செத்துவிட்டது. அருமைநாயகம் மெக்கானிக் மைதீனைத் தன் வீட்டு வாசலுக்கே வரச்சொன்னார். அவன் இரண்டு ஹார்ன்களோடு வந்தான். ஒன்று கம்பெனிப் பெட்டியில் இருந்தது, மற்றது வெளிச் சரக்கு.

"கம்பெனி பார்ட்டே போட்டுருவோம் அண்ணாச்சி. அதே மாடல்தான்."

"சத்தமும் அதேதானா?"

மைதீன் அதை பேட்டரியில் வைத்து அடித்துக்காட்டினான். அருமைநாயகம் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை அசையவில்லை. அடுத்து வெளி ஹார்ன். அது பழையதைப்போலத்தான் அவருக்குக் கேட்டது. இன்னொருமுறை அடிக்கச் சொன்னார்.

ஜன்னல் திறந்தது. அவர் மனைவி சுகிர்தா எட்டிப்பார்த்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை.

"யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரங்க இன்னும் வரல."

"சுகி, நான்தாம்மா. கதவத் தொற."

"இது அவங்க ஹார்ன் இல்ல. அவங்க ஹார்ன் அடிச்சாத்தான் தொறக்கணும்னு சொல்லியிருக்காங்க."

அப்படிச் சொல்லிவைத்தது அவர்தான். ஜன்னல் மூடிக்கொண்டது.

"எத மாட்டட்டும் அண்ணாச்சி?" என்றான் மைதீன்.

மைதீன் கழற்றிப்போட்டிருந்த பழைய ஹார்னை அருமைநாயகம் எடுத்தார். அதைக் கவிழ்த்து, உள்ளே மிச்சமிருந்த தண்ணீரை உதறத் தொடங்கினார்.